மேசைக்கு என்ன அவசரம்?

தான் விற்கிற சாமானைத் தானே திட்டி விற்ற வியாபாரி மலாயா முழுக்கத் தேடினாலும் ஒரே ஒருவர்தான் அகப்பட்டிருப்பார். அவர் எங்கள் ஊர்க்காரர். பத்து பெரண்டாம் சாலையோரத்தில், அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கீழே, பழைய சாமான் கடை வைத்திருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. குறை சொல்லியே விற்பதால் எல்லோருக்கும் அவர் கொறக்காரர்.

அவர் கடையில் சுண்ணாம்புச் சாக்கட்டிக் குறி இல்லாத சாமான் கிடையாது. வாளியில் வளைகோடு இருந்தால் ஒழுகும். நாற்காலியில் ஒற்றைக் கோடு இருந்தால் கால் ஆடும். வட்டம் போட்டிருந்தால் ராத்திரியில் சத்தம் போடும். பெருக்கல் குறி என்றால் உடைந்து ஒட்டியது. கடைக்குத் தமிழரும் வருவார்கள், மலாய்க்காரரும் சீனரும் வருவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அதில் குறைவு. கொறக்காரருக்கும் தெரியாது. அதனால் எழுத்துக்குப் பதில் குறி.

குறி போதாதென்று வாயாலும் சொல்வார். ஒருமுறை ஒரு கங்காணி நாற்காலி வாங்க வந்தார்.

"நல்லா இருக்கே நாற்காலி. எவ்ளோ?"

"நல்லாவா? ஒக்காந்து பாருங்க, ஆடும். முதுகுல ஆணி குத்தும். மழ பேஞ்சா கதவ மாதிரி ஊதிக்கும்."

"யோவ், விக்கிறியா வெரட்டுறியா?"

"விக்கிறேன்லா. ரெண்டு வெள்ளி. வீட்டுக்குப் போயி நீங்க திட்டப் போறீங்க. அத நானே இங்க திட்டிடுறேன்."

கங்காணி முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார். வீட்டில் உட்கார்ந்து பார்த்தால், கேட்ட வசவுக்கு நாற்காலி எவ்வளவோ மேல். அந்தக் கடையில் வாங்கிய சாமானை யாரும் திருப்பிக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

அப்போது நான் பக்கத்துக் கித்தா தோட்டத்தில், ரப்பர் தோட்டம்தான், கணக்கெழுதும் சின்னக் கிராணி. புதிதாகக் கல்யாணமானவன். வீட்டுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வேண்டுமென்று மனைவி கேட்டாள். கொறக்காரர் கடையில் ஒன்று தொங்கியது. மணி அடித்தால் கோயில் மணி கெட்டது.

"பத்து வெள்ளி தரேண்ணே," என்றேன்.

"ஆறு," என்றார்.

கடிகாரத்தைத் திருப்பிப் பின்பக்கக் குறியைக் காட்டினார்.

"மணி அடிச்சதும் நின்னுரும். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு அதுவா ஓடும். எத்தனையோ தடவ கழட்டிப் பாத்துட்டேன். அதோட கொணம் அது."

"பரவால்லண்ணே, பத்தே வெச்சுக்கங்க."

"கொற தெரியாம ஒருத்தன் குடுக்குறது வெலை இல்ல தம்பி. அது ஏமாந்த காசு. கொற தெரிஞ்ச பொறவும் குடுக்குறான் பாரு, அதான் வெலை."

சரி, இளிச்சவாயர்தான் போலிருக்கிறது என்று எனக்குள் ஒரு கெட்டிக்காரன் தலைதூக்கினான். "அப்படின்னா அஞ்சு," என்றேன். அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது.

"நான் வாங்குனது, ரிப்பேரு, வண்டிக் கூலி, என் சோறு, எல்லாம் சேந்துதான் ஆறு. அஞ்சுன்னு கேட்டா என் சோத்துல கைய வெக்கிற."

ஆறு வெள்ளியை மரியாதையாக எண்ணி வைத்துவிட்டு வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் மனைவி கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். "இந்த வீட்டுல யாராச்சும் ஒருத்தர் யோசிச்சா நல்லதுதான்," என்றாள்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசர காலம் முற்றிய சமயம் அது. ஊரடங்கு, கம்பிவேலி, கேட்டில் அரிசிக்குச் சோதனை. எங்கள் தோட்டத்தில் காட்டோரமாக இருந்த லய வீடுகளைக் காலி செய்து, எல்லோரும் ஆபீசுக்குப் பக்கத்தில் வேலிக்குள் வந்துவிட வேண்டுமென்று உத்தரவு வந்தது. புது அறைகளில் பாய் விரிக்கவே இடம் போதாது. மேசை, அலமாரி, தையல் மிஷின் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

மூக்கில் வியர்த்தது போல டவுனிலிருந்து ஒரு வியாபாரி லோரியோடு வந்து சேர்ந்தார். மேசைக்கு அரை வெள்ளி என்றார். ஜனங்களும் தலையை ஆட்டத் தயாராகிவிட்டார்கள். அந்த நேரத்தில் கொறக்காரரின் மாட்டு வண்டி வந்து நின்றது. இறங்கினார், மேசையைத் தட்டினார், காலை ஆட்டிப் பார்த்தார். மூன்று வெள்ளி என்றார்.

லோரிக்காரர் அவரைத் தனியே இழுத்தார். "அண்ணே, நாளைக்கு இவங்க எடத்த விட்டாகணும். சும்மாவே போட்டுட்டுப் போயிருவாங்க. எதுக்குக் காச கொட்றீங்க?"

"அவசரம் அவங்களுக்கு. மேசைக்கு என்ன அவசரம்? போன வாரம் நின்ன மாதிரிதானே நிக்குது?"

"வியாபாரம்னா அப்படித்தான்லா."

"சாமான்ல கொற இருந்தா கொறப்பேன். ஆளோட கஷ்டத்துக்கு நான் சாக்கட்டி போட மாட்டேன்."

லோரி காலியாகத் திரும்பியது. கொறக்காரர் கையிலிருந்த காசெல்லாம் அன்றே தீர்ந்தது. மிச்சப் பேருக்குச் சொன்ன விலையைக் கொடுக்க இரண்டு மாடுகளில் ஒன்றை விற்றார் என்றும், நுகத்தின் அடுத்த பக்கத்தைத் தானே பிடித்து வண்டியைக் கடைவரை இழுத்தார் என்றும் பேசிக்கொண்டார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் உடனே நம்பினேன்.

சில மாதங்களில் ஜனங்கள் புது இடத்தில் சாய்ப்பு இறக்கிக் கொஞ்சம் வசதி பண்ணிக்கொண்டார்கள். பழைய சாமான்மேல் ஆசை திரும்பியது. கொடுத்த விலையும் வண்டிக் கூலியும் தந்தால் போதும் என்று கொறக்காரர் சொல்லியனுப்பினார். ஒவ்வொன்றையும் மறுபடி பார்த்து, கடையில் கிடந்ததில் சேர்ந்த குறைக்கும் புதுக் குறி போட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

கேட்டில் அன்று நின்றவர்கள் ஊருக்குப் புதிய மாத்தா-மாத்தாக்கள். போலீஸ்காரன் கண்ணுக்கு வண்டி நிறையக் கோடும் வட்டமும் எப்படித் தெரியும்? காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சேதி போகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். கொறக்காரர் சொன்ன பதில் நெருப்பில் எண்ணெய் வார்த்தது.

"இந்த வட்டம் என்ன?"

"ராத்திரியில சத்தம் வரும்."

"எங்கேருந்து?"

"உள்ளேருந்துதான்."

வண்டியோடு கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் காலத்தில் சந்தேகம் ஒன்றே போதும். விசாரணை இல்லாமல் அடைப்பார்கள், இல்லாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பலேற்றுவார்கள். தோட்டத்தில் வாய்ச்சொல் வீரர்களெல்லாம் அன்று ஊமையாகிவிட்டார்கள். நானும்தான். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற அஞ்சலை அக்காதான் ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றார்.

"கிராணியாரே, எனக்கு இங்கிலீசு தெரியாது, ஒங்களுக்குத் தெரியும். எங்கிட்ட அவரு கோடு போட்ட வாளி இருக்கு. கெளம்புங்க."

மறுநாள் காலை நாங்கள் டவுனுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அக்கா தலையில் வளைகோடு போட்ட வாளி. என் தோளில் கடிகாரம். ஆடுகிற முக்காலியும் ஒட்டிய பெட்டியுமாக ஒரு இருபது பேர். வழியில் உம்பாய் ஊர் மீன்காரர் ஒருவர், மலாய்க்காரர், விஷயம் கேட்டதும் கொறக்காரரிடம் வாங்கிய தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சேர்ந்துகொண்டார். ஓட்டை உடைசலை இவ்வளவு பெருமையாகச் சுமந்து நடந்த ஊர்வலத்தை நான் அப்புறம் பார்த்ததில்லை.

ஸ்டேஷனில் வெள்ளைக்கார ஆபீசர் முதலில் கேட்டது, யாருக்காக வந்திருக்கிறீர்கள், அவர் பெயர் என்ன என்பதுதான். உயிரைக் கொடுத்து மீட்க வந்த ஆளின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதை விட்டுவிட்டுக் குறிகளின் அர்த்தத்தை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். ஆபீசர் சிரித்தார். தன் சரக்கு மோசமென்று தானே எழுதி வைக்கிற வியாபாரி உலகத்தில் உண்டா என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊருக்கு வெளியே அப்படி யாரும் இல்லைதான்.

அக்கா தலையிலிருந்து வாளியை இறக்கினார். வாளியில் தண்ணீர் மொண்டு ஆபீசர் முன்னால் வைத்தார். வளைகோடு எங்கே ஆரம்பித்ததோ அங்கே ஒழுகி, அவர் பூட்சை நனைத்தது. அடுத்து மீன்காரர், "பிரேக் தா மாக்கான், துவான்!" என்று எச்சரித்தார், பிரேக் பிடிக்காது என்று. ஒரு மாத்தா அதை நம்பாமல் சைக்கிளில் ஏறி, நேராகச் சாக்கடைக் காணில் போய் இறங்கினார்.

ஆபீசர் அசரவில்லை. "வாளியில் நேற்றே ஓட்டை போட்டிருக்கலாம். பிரேக்கை நேற்றே கழற்றியிருக்கலாம். யோசிக்கிற கடிகாரத்தை யாராலும் பண்ண முடியாது. அது நின்று ஓடட்டும், நம்புகிறேன்," என்றார்.

கடிகாரத்தைச் சுவரில் மாட்டினோம். கொறக்காரரையும் அழைத்து வந்து நிறுத்தினார்கள். பதினொன்று அடித்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்தோம்.

நிற்கவில்லை. டிக், டிக் என்று சமர்த்தாக ஓடியது. வீட்டில் ஒருநாள் தவறாமல் நின்ற சனியன், அன்றைக்குப் பார்த்து உத்தியோகத்துக்கு வந்த மாதிரி ஓடியது. ஒரு கடிகாரம் ஒழுங்காக ஓடியதற்காக எனக்கு வேர்த்துக் கொட்டியது அன்றுதான்.

"அண்ணே, நிக்கலியேண்ணே," என்றேன். கப்பல் கண்முன் தெரிந்தது எனக்கு. அவருக்கு வேறு கவலை.

"நிக்கலன்னா ஒங்கிட்ட நான் பொய் சொல்லி வித்துருக்கேனே தம்பி," என்றார். அதுவரை அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

டிக். டிக். அப்புறம் ஒன்றுமில்லை. நின்றுவிட்டது. ஸ்டேஷன் கூரை பறக்கிற மாதிரி நாங்கள் கத்தினோம். அக்கா அழுதுவிட்டார். சத்தம் அடங்கும்போது கடிகாரமும் யோசித்து முடித்து, தானாக ஓடத் தொடங்கியது. ஆபீசர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். போகலாம் என்றார்.

கொறக்காரர் போகவில்லை. சோதனையில் சாமான்களின் குறியெல்லாம் அழிந்திருந்தது.

"குறி இல்லாம சாமான் வெளிய போவாது. ஒரு சாக்கட்டி கேளு தம்பி."

போலீஸ் சாக்கட்டியை வாங்கி, வண்டியிலிருந்த ஒவ்வொன்றுக்கும் குறி போட்டார். என் கடிகாரத்தைத் திருப்பி அதற்கும் போட்டார். கடைசியாக, ராத்திரி முழுக்கத் தான் உட்கார்ந்திருந்த ஸ்டேஷன் பெஞ்சிலும் ஒற்றைக் கோடு ஒன்றை இழுத்தார். ஆபீசர் சந்தேகத்தோடு உட்கார்ந்து பார்த்தார். ஆடியது.

இப்போது மலாக்கா டவுனில் பழம்பொருள் கடைகள் பெருகிவிட்டன. ஒரு கடைக்கார இளைஞன் வீடு தேடி வந்து அந்தக் கடிகாரத்துக்குப் பெரிய தொகை சொன்னான். மணி அடித்தால் நிற்கும் என்று குறையைச் சொன்னேன். "பரவால்ல அங்கிள், வாங்குறவனுக்குத் தெரியவா போகுது," என்றான். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கொறக்காரர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கடிகாரத்தின் பின்பக்கம் அந்தச் சாக்கட்டிக் குறி மங்கலாக இன்னும் இருக்கிறது. வீட்டில் யார் தூசு தட்டினாலும் அந்த இடத்தில் மட்டும் துணி படக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது என் கொறக்காரர் கை பட்ட இடம்.