பத்தொன்பதாம் மாடியிலிருந்து பறந்த வழக்கு

நான் அதிகம் படித்தவள் இல்லை. என் பெயரை எழுதுவேன், இலக்கங்கள் தெரியும், தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஆனாலும் ஒரு காரியத்தை எப்படிச் செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று எழுபது வயதுவரை நம்பியிருந்தேன். (இப்போதும் முக்கால்வாசி நம்புகிறேன்.)

என் தம்பி ராசன் நாலு வருடமாக அமெரிக்கச் சிறையொன்றில் இருந்தான். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே மாநில நீதிமன்றத்தில் அவனை விசாரித்துத் தண்டித்துவிட்டார்கள். அவனுக்காக மத்திய நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டிருந்தார் லோயர். மாநில நீதிமன்றத்தின் விசாரணைப் பதிவுகளை முத்திரையோடு திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் மனு தள்ளுபடியாம். என் மகள் சுகந்தி மூன்று மாதம் கடிதம் எழுதி அலைந்து, எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போய் அவற்றை வாங்கி வந்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டு தாள். நீல நாடா, சிவப்பு முத்திரை. "அம்மா, உதைத் தொடாதேங்கோ, திங்கள் லோயரிட்டைக் குடுக்கவேணும்" என்றுவிட்டு வெள்ளி காலை வேலைக்குப் போனாள்.

நான் மஞ்சள் மட்டும் பூச நினைத்தேன். நல்ல காரியத்துக்குப் போகிற கடுதாசிக்கு மூலையில் மஞ்சள் வைக்காமல் அனுப்பலாமா? மேல் தாளுக்கு மட்டும் வைத்தால் உள்ளே கிடக்கிற தாள்கள் என்ன பாவம் செய்தன? நாடாவை அவிழ்த்தேன். ஒவ்வொன்றாகப் பூசி சோபா, கட்டில், தரையெங்கும் பரப்பினேன். காயட்டும் என்று பல்கனிக் கதவைத் திறந்தேன்.

காற்று மெல்லத்தான் வந்தது. ஒரு தாள் எழும்பி, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே போனது. பின்னால் மற்றவை, தேர் பார்க்கப் போகிற சனம்போல அவசரமில்லாமல். எங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களுக்கு நடுவே, மூலையில் மஞ்சளோடு, வெயிலில் சத்தமே இல்லாமல் மிதந்தன. உண்மையைச் சொன்னால், கொஞ்ச நேரம் வடிவு பார்த்துக்கொண்டு நின்றேன். ராசனே கம்பிக்கு வெளியே வந்து மிதப்பதுபோல் இருந்தது. பிறகுதான், போவது அவனுடைய நாலு வருடம் என்று உறைத்தது.

வீட்டுச் செருப்போடு கீழே ஓடினேன். (என் வேகத்தை ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம்.) புல்லிலும் கார்க் கண்ணாடியிலும் பொறுக்கினேன். தங்கள் பல்கனிகளில் விழுந்ததை அயலவர்கள் கொண்டுவந்து தந்தார்கள். இலக்கம் பார்த்து அடுக்கினேன். பின்னேரத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டும் சரி. நாடாவை முந்தியதைவிட வடிவாகக் கட்டினேன்.

சுகந்தி வந்ததும் பெருமையோடு எல்லாம் சொன்னேன். அவள் லோயரோடு போனில் கதைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"முத்திரை நாடாவை அவிட்டால் உது வெறும் கடுதாசியாம் அம்மா. கோர்ட்டிலை எடுக்க மாட்டினமாம்."

"ஒரு தாளும் குறையேல்லையடி."

"தாள் குறையேல்லை. மாமாவுக்கு நாள்தான் குறையுது."

நான் அன்றைக்குத் தேத்தண்ணிகூடக் கேட்கவில்லை.

திங்கள் விடிய அந்த மாநில நீதிமன்ற வாசலில் இருவரும் நின்றோம். அலுவலகப் பெண் ஒவ்வொரு தாளையும் மூலப் பதிவோடு ஒப்பிட்டார். ஒன்றை மூக்கருகே பிடித்து மணந்தும் பார்த்தார். மத்தியானம் தாண்டிப் புது நாடா, புது முத்திரை. பூட்டுவதற்குப் பத்து நிமிடம் இருக்க லோயர் அதை மத்திய நீதிமன்றத்தில் கொடுத்தார்.

வழக்கு வென்று, அடுத்த மாரிகாலத்தில் ராசன் வீட்டுக்கு வந்தான். (மஞ்சள் பூசாமல் வழக்கு வென்றிருக்குமா என்று கேட்டால் சுகந்தி தேத்தண்ணி போட எழும்பிப் போகிறாள்.) இப்போது என்னோடுதான் இருக்கிறான். ஒரு கடிதம் வந்தாலும், கரண்ட் பில்தான் என்றாலும், "அக்கா, நீங்கள் அங்காலை இருங்கோ" என்று சொல்லி, முதலில் பல்கனிக் கதவைப் பூட்டுகிறான். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாலு வருடத்துக்கு மேல் பூட்டிய கதவுக்குள் கிடந்தவன், தன் கையாலேயே கதவைப் பூட்டுகிறான் என்றால் என்னைப் பற்றி அவன் என்ன நினைத்திருக்கிறான் பாருங்கள்.