கரண்டி டீச்சரும் காயாத சுவரும்

உலகத்திலேயே சுவருக்கு நாடி பிடித்துப் பார்த்த ஒரே மனுஷி எங்கள் திண்டுக்கல் தெருவில்தான் இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞானஸ்நானப் பெயர் என்ன என்று தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. தோசைக் கரண்டியின் காம்பால் சுவரைத் தட்டித் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்பார். அதனால் கரண்டி டீச்சர்.

"இங்க பூச்சு விட்டுருச்சு, உள்ள காத்துதான் இருக்கு. இதுக்கு மேல பெயிண்ட் அடிச்சா அம்புட்டும் உரிஞ்சு வந்துரும்" என்பார். சொந்த வீட்டோடு நிறுத்தினாரா? எதிர்வீட்டுக்காரனான என் சுவரிலும் ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தட்டல். கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"நீ போய்ப் படு அப்பு. நான் சுவரைப் பாக்கத்தான் வந்தேன்" என்றார். மனுஷனுக்கு அங்கே அவ்வளவுதான் மரியாதை.

அவர் மகள் ஸ்டெல்லா, கூட வேலை பார்க்கும் பையனை விரும்பினாள். பழனிப் பக்கத்துக் குடும்பம். பையனின் அப்பா கறாரான ஆள். வீட்டைப் பார்த்த பிறகுதான் பேச்சு என்று சொல்லிவிட்டார். டீச்சரும் வீட்டின் வெளிப்புறத்துக்குப் பெயிண்ட் அடிக்க முடிவு செய்தார். பெயிண்டர் அந்தோணி கலர் அட்டையோடு வந்தார். டீச்சர் அதைத் தொடவே இல்லை. வீட்டைச் சுற்றிச் சுவரில் சுண்ணக்கட்டியால் வட்டம் வட்டமாகப் போட்டு, "முதல்ல இதெல்லாம் உடை" என்றார்.

உடைத்தார்கள், பூசினார்கள், விரிசலை அடைத்தார்கள், கழுவினார்கள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சுவர் ஒட்டுப்போட்ட லுங்கி மாதிரி நின்றது.

"அம்மா, ஞாயித்துக்கிழமை அவங்க வாராங்க. ஒரு கோட்டாவது அடிக்கச் சொல்லும்மா."

"ஈரத்து மேல அடிக்க மாட்டேன்டி. அது ஊரை ஏமாத்துற வேலை."

ஸ்டெல்லா என் மனைவியிடம் வந்து அழுதாள். எங்களுக்கு வந்ததே கோபம். பெற்ற பெண்ணின் கல்யாணத்தைவிடச் சுவரா பெரிது? ஞாயிறு காலை டீச்சர் பூசைக்குப் போன நேரத்தில், பந்தல்காரரிடம் மஞ்சளும் ரோஸுமாக ஜாலர் வைத்த துணி வாங்கி, முன்சுவர் முழுவதும் கட்டி மறைத்துவிட்டோம். திரும்பி வந்த டீச்சர் என்னை முறைத்தார். வாய் திறப்பதற்குள் கார் வந்து நின்றது.

காப்பி, முறுக்கு எல்லாம் ஆனது. பையனின் அப்பா வாசலுக்கு வந்தார். "ஏனுங்க, துணி எதுக்குங்க கட்டியிருக்குது?"

"வெயிலுக்குங்க" என்றேன். வடக்குப் பார்த்த சுவர். மழைக்காலத்தில் வெயில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

டீச்சர் விறுவிறுவென்று போய்த் துணியை இழுத்து அவிழ்த்தார். "சுவர் இன்னும் காயலைங்க. காயாம பெயிண்ட் அடிக்க எனக்கு மனசு வரலை. வீடு இப்படித்தான் இருக்கு."

ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவிழ்ந்த துணியைச் சுருட்டத் தொடங்கினேன்.

அந்த மனிதர் சுவரை நெருங்கினார். விரலை மடக்கி, டக் டக்கென்று தட்டினார். காதை வைத்தார். நகர்ந்தார், மறுபடி தட்டினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவர் முன்னால் போக, நாங்கள் சப்பரத்துக்குப் பின்னால் போவதுபோல் போனோம். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "இங்கயும் ஆரம்பிச்சுட்டீங்களா? போற வீட்டுலயெல்லாம் இவருக்கு இதே பொழப்புங்க."

அவர் கடைசியில் நிமிர்ந்தார். "எங்கயுமே உப்பல் இல்லீங்க, பூச்சு கெட்டியா ஒட்டியிருக்குதுங்க. ஈரத்துல அடிச்சு என்ற வீடு உரிஞ்சே போச்சுங்க. இந்த வீட்டுல கண்ணை மூடிட்டுப் பொண்ணு எடுக்கலாமுங்க."

ஸ்டெல்லா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தெருவே கைதட்டியது. சம்பந்திகள் இருவரும் நாள் குறிக்க மறந்து, பிரைமர் பற்றிப் பேச உட்கார்ந்துவிட்டார்கள்.

சுவர் சாவகாசமாகக் காய்ந்தது. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் இளமஞ்சள் பெயிண்ட் ஏறியது. தெருவில் அப்படி ஒரு வீட்டை அதுவரை நான் பார்த்ததில்லை.

கல்யாணம் முடிந்து, பெண்ணை ஏற்றிய கார் தெருமுனை திரும்பியது. டீச்சர் நடுத்தெருவில் தனியாக நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"பெயிண்ட் நல்லாருக்கா அப்பு?"

"ரொம்ப நல்லாருக்கு டீச்சர்" என்றேன். சத்தியமாக நான் சுவரைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.