முனியாண்டிக்காக நின்ற டர்போ

உலகத்தில் எல்லாரும் வேலைக்குப் போவதற்காகக் கார் வாங்குவார்கள். கார் வைத்திருப்பதற்காகவே வேலைக்குப் போன ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, மலேசியாவில் ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டில் எங்கள் பின்வரிசையில் குடியிருந்த டர்போதான். அந்த வேலைக்கும் அவர் பஸ்ஸில்தான் போனார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் டர்போ. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் ஓர் ஈயச் சுரங்கத்தில் பம்புகளைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தார். ஒல்லி உடம்பு, நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். எண்பதுகளின் நடுவில், ராலி என்னும் கார்ப் பந்தயத்தில் ஓட்டுவதற்கென்றே ஜப்பான்காரன் செய்த இரண்டு கதவு டர்போ கார் ஒன்று அவர் கைக்கு வந்தது. வந்தது என்றால் ஓடி வரவில்லை. அதன் முதல் சொந்தக்காரன் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், மகன். தம்புன் சாலையோரம் இருந்த ஒரு பம்பளிமாஸ் பழக்கடைக்குள் அதைச் செலுத்திவிட்டு அப்பாவிடம் அறை வாங்கியவன். நசுங்கிய வண்டியை டர்போ லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எட்டு மாதம் தட்டி, ஒட்டி, பூசி எழுப்பினார். அதன் பிறகும் மழை நாளில் உள்ளே உட்கார்ந்தால் பம்பளிமாஸ் வாசனை அடிக்கும்.

சென்ற மாதம் என் மருமகன் என்னை ஒரு பழைய கார் கண்காட்சிக்கு அழைத்துப் போனார். அங்கே அதே வகை வண்டி நின்றது. சுற்றிலும் கயிறு, 'தொடாதீர்' என்று பலகை. வந்தவர்கள் கருவறை முன்னால் நிற்பதுபோல் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எங்கள் தெருவில் அந்த வண்டியின் பின் இறக்கையில் டர்போவின் மனைவி அஞ்சலை கைலி காயப் போடுவார். நினைத்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. டர்போவைப் பற்றி நான் பல வருடங்களாக ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்த கதை ஒன்று உண்டு. அதில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய் என்னுடையது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் டர்போ என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். சாதாரண வண்டி மிதித்தால் போகும். டர்போ வண்டி, மிதித்ததை நாம் மறந்த பிறகு போகும். அரசாங்கத்துக்கு மனுப் போட்ட மாதிரி. பதில் வராது, வராது, வரும்போது நம்மைத் தூக்கி அடிக்கும். முதல் தடவை என்னை ஏற்றிப் போனபோது எங்கள் வீட்டு வாசலில் மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. "என்ன தம்பி, பெட்ரோல் இல்லையா?" என்று கேட்டேன். கேள்விக்குறியை நான் போட்டபோது வண்டி தெருமுனைக் கோப்பிக் கடையைத் தாண்டியிருந்தது.

"எழும்பிருச்சி சார்! டர்போ விசில் கேட்டீங்களா?" என்றார்.

கேட்ட விசில் என் தொண்டையிலிருந்து வந்தது.

இன்னொன்று, டர்போவை உடனே அணைக்கக் கூடாதாம். ஓடி வந்த சூடு தணிய இரண்டு நிமிடமாவது எஞ்சினை ஓடவிட வேண்டுமாம். கல்யாண வீடோ கருமாதியோ, அவர் போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு நிமிடம் வண்டிக்குள்ளேயே கைகட்டி உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை எங்கள் வரிசையில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு டர்போ இறங்கவில்லை. உள்ளே ஒப்பாரி, வெளியே எஞ்சின். இறந்தவரின் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து ஜன்னலைத் தட்டினார்.

"டர்போ, எங்கண்ணனே அடங்கிட்டாரு. ஒன்னோடது இன்னும் அடங்கலியா லா?"

"ரெண்டு நிமிசம்ணே. இதுக்கு மூச்சு வாங்குது."

இன்னொரு விதி, செருப்போடு ஏறக் கூடாது. வீட்டுக்குள் வருவதுபோல் வாசலிலேயே கழற்ற வேண்டும். ஒரு தடவை, விசில் சத்தம் என்ன என்று விசாரிக்க ஒரு மலாய்ப் போலீஸ்காரர் நிறுத்தினார். கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டவரிடம் டர்போ மிகவும் மரியாதையாக, "எஞ்சே, காசுட் புக்கா" என்றார். ஐயா, சப்பாத்தைக் கழற்றுங்கள். போலீஸ்காரர் தன் பூட்ஸைப் பார்த்தார், டர்போவைப் பார்த்தார். பதினைந்து வருட சர்வீஸில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். கழற்றினார். சோதனை முடிந்து அரை மணி நேரம் இருவரும் வெறுங்காலோடு பானெட்டைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

அஞ்சலைக்கு இதெல்லாம் சிரிப்பாக இல்லை. வண்டி வாசலை அடைத்துக்கொண்டிருந்ததால் வீட்டுக்கு வந்தவர்கள் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து வர வேண்டியிருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் நின்றே வேலை செய்யும் பெண். பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார். வீட்டில் கார் இருந்தது, ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் உற்சவ மூர்த்தி.

ஒரு நாள் என்னை வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இங்க பாருங்க. ராலி ராலின்னு ரெண்டு வருசமா சொல்றீங்க. ஒரே ஒரு ராலி ஓடுங்க. முழுசா ஓடி நேரத்துக்கு வந்து சேந்தீங்கன்னா வண்டி இருக்கட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன். சேரலன்னா வித்துடணும். சார்தான் சாட்சி."

டர்போ என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவரும் ஆட்டினார். அவர் அந்த வண்டியில்லாமல் இருப்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. அவராலும் முடியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

மூன்று மாதத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றி ஒரு மோட்டார் கிளப் ராலி வைத்தது. டவுன் திடலில் தொடங்கி, தோட்டங்களின் செம்மண் பாதைகள் வழியாகச் சுற்றி, பகல் ஒரு மணிக்குள் திடலுக்கே திரும்ப வேண்டும். ஒரு மணி தாண்டினால் ஓடியதாகவே சேர்த்தியில்லை. ஓட்டுபவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வழிப்புத்தகத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. டர்போ தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோடு நிறுத்தியவர்.

"சார், நீங்க ஏறுங்க. நீங்க படிச்சவரு. நீங்க சொல்லுங்க, நான் போறேன்."

நான் ஈப்போவில் கணக்கு வாத்தியார். ஏறினேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்.

இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக வண்டிகளை விட்டார்கள். முன்னால் போனவனின் புழுதிகூட எங்களுக்குத் தெரியவில்லை. முதல் திருப்பம், வழிப்புத்தகத்தில் '4' என்று போட்டு, பக்கத்தில் இடது அம்பு. எனக்கு ஒரே பெருமை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று வருடம் அந்தப் பக்கத்துப் பள்ளியில்தான் இருந்தேன். தினமும் பஸ்ஸில் வந்து நாலாங்கட்டையில் இறங்குவேன். டவுனிலிருந்து நாலாவது மைல் கல். எங்கள் பக்கத்தில் மைலை யாரும் மைல் என்று சொல்வதில்லை, கட்டைதான். அங்கே இடது பக்கம் செம்மண் பாதை ஒன்று உண்டு என்பதை என் கால்கள் அறியும்.

"நாலாங்கட்டையில இடது. மீட்டரே வேணாம் தம்பி, எனக்கு இந்த ரோடு தெரியும்."

டர்போ ஒரு தடவை, ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி சார்" என்றார்.

நாலாங்கட்டையில் திரும்பினோம். பாதை குறுகிக்கொண்டே போய், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டு வரிசை ஒன்றின் முன்னால் முடிந்துவிட்டது. கோழிகள் சிதறின. ரப்பர் பால்வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா எழுந்து வந்தார். தலைக்கவசத்தோடு இருந்த எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"சமையலுக்கு வந்தவங்களா? கல்யாணம் அடுத்த வாரம்லா. அதுக்குள்ள சட்டியத் தலையில மாட்டிக்கிட்டு வந்துட்டீங்க?"

"ராலிம்மா" என்றார் டர்போ.

"அப்படி யாரும் இந்த லயத்துல இல்லியே."

வண்டியைத் திருப்பும்போது பின்சக்கரம் சாக்கடைச் சேற்றில் இறங்கியது. லயமே வந்து தள்ளியது. டர்போ மிதித்தார். வழக்கம்போல் ஒன்றும் நடக்கவில்லை. "என்னா வண்டி லா இது!" என்று எல்லாரும் ஒன்றாய்ச் சாய்ந்து தள்ளியபோது டர்போ எழும்பிவிட்டது. வண்டி முன்னால் பறந்தது. தள்ளிய ஆறு பேரும் இருந்த இடத்திலேயே சேற்றில் படுத்தார்கள்.

அவர்கள் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் வழிப்புத்தகத்தின் தலைப்பைப் பார்த்தேன். 'எல்லாத் தூரமும் கிலோமீட்டரில்' என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது. நாலு கிலோமீட்டர் என்றால் இரண்டரைக் கட்டை. உண்மையான திருப்பத்தை எப்போதோ தாண்டி வந்திருக்கிறோம். மைலைக் கிலோமீட்டராக மாற்றுவது எப்படி என்று அந்த வருடம்தான் மூன்று வகுப்புகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். மாற்றத் தெரியாதவர்களைப் பெஞ்சில் ஏற்றியும் இருக்கிறேன்.

பக்கத்தை மடித்துக்கொண்டேன். "புத்தகத்துல தப்பா அச்சடிச்சிட்டாங்க போல. திரும்பிப் போயி முன்னால இருந்த சந்தியப் பாக்கலாம்" என்றேன்.

"இருக்கும் சார்" என்றார் டர்போ.

இருபது நிமிடம் போயிருந்தது. அதன் பிறகு அவர் ஓட்டியதை நான் பெரிதுபடுத்தாமல் சொல்கிறேன். அப்படி ஓட்டியவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வழி அவர் பிறந்த தோட்டத்துக்குள் போனது. வளைவு வருவதற்கு முன்பே, டர்போ எழும்ப வேண்டிய நேரத்தைக் கணக்குப் போட்டு மிதித்தார். வளைவு முடிகிற இடத்தில் சொல்லி வைத்தாற்போல் விசில் வந்தது. ரப்பர் மரங்கள் இருபக்கமும் சுவராக ஓடின. நான் எதையும் படித்துச் சொல்லவில்லை. அவருக்குத் தேவைப்படவும் இல்லை. ஒரு மணிக்குள் சேர்ந்துவிடுவோம் என்றே எனக்குத் தோன்றியது.

அப்போது பிரேக் போட்டார்.

சந்தியில் முனியாண்டி கோயில். அந்தத் தோட்டத்தில் எந்த வண்டியும் அதை நிற்காமல் தாண்டியதில்லை. ரப்பர் பால் லோரி நிற்கும். வெள்ளைக்காரத் துரையின் காரே நின்றிருக்கிறதாம். டர்போ இறங்கினார், தலைக்கவசத்தைக் கழற்றினார், ஒரு சுருட்டைப் பற்றவைத்துச் சாமியிடம் வைத்தார், கும்பிட்டார், ஏறினார். இருபத்தெட்டு வினாடி. கடிகாரம் என் கையில்தான் இருந்தது.

திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி நாலு நிமிடம்.

கோயில் சந்தியில் நின்ற கிளப் ஆள் முன்கூட்டியே வாக்கிடாக்கியில் செய்தி அனுப்பிவிட்டான். ராலிக்கு நடுவில் ஒருவன் இறங்கிச் சாமி கும்பிடுகிறான் என்று. திடலே சிரித்துக்கொண்டிருந்தது. அஞ்சலை சாப்பாட்டுக் கேரியரோடு நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"முனியாண்டிக்கு நின்னதாலயா லேட்டு?"

டர்போ என் பக்கம் திரும்பினார். நான் வழிப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா லா" என்றார். "நம்ம சாமி. நிக்காம எப்படிப் போறது?"

"சார், நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னேன்மா. கேக்கல" என்றேன்.

நான் சொன்ன பொய் இதுதான். இருபத்தெட்டு வினாடியைக் கழித்தாலும் மூன்றரை நிமிடம் மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட அங்கே இருந்த ஒரே கணக்கு வாத்தியார் நான்.

டர்போ சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த மாதம் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டார். இரண்டு நிமிட விதியைப் பற்றி டர்போ அவருக்கு அரை மணி நேரம் விளக்கினார். கேட்டு முடித்து அவர் ஷூவோடு ஏறினார். டர்போ ஊருக்குப் பின்னால் இருந்த மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நானோ கதை சொல்லக் கிளம்பிவிட்டேன். ஆசிரியர் அறையில் சொன்னபோது ஒரு சுருட்டு. கோப்பிக் கடையில் அது சுருட்டும் தேங்காயும் ஆனது. கல்யாணப் பந்திகளில் ஒரு சேவல் சேர்ந்தது. என் ஓய்வு விழாவில், டர்போ ராலிக்கு நடுவே கிடா வெட்டி, சமைத்து, பந்தி பரிமாறிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். நாலாங்கட்டை எந்தத் தடவையும் கதைக்குள் வரவில்லை.

ராலிக்கு இரண்டு வருடம் கழித்து ஈயச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். டர்போ குடும்பத்தோடு சுங்காய் என்ற ஊருக்குப் போய்ச் செம்பனை எண்ணெய் ஆலையில் சேர்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அஞ்சலை கோப்பி கலக்க உள்ளே போன நேரம் பார்த்து, "தம்பி, அன்னிக்கி அந்த நாலாங்கட்டை..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார்" என்றார். "மீட்டரு எம் மூஞ்சிக்கு முன்னாலதானே இருந்துச்சி. நாலு காட்டறப்பவே பாத்தேன். சார் படிச்சவரு, ஏதாச்சும் கணக்கு இருக்கும்னு விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் முனியாண்டி மேல போட்டீங்க?"

அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"முனியாண்டி கோவிச்சிக்க மாட்டாரு லா. ஒங்க பேரச் சொன்னா, அடுத்த தடவ நீங்க ஏற மாட்டீங்களே."

அடுத்த தடவை என்று ஒன்று வரவேயில்லை. சில வருடங்களில் அவர் இறந்துபோனார். அப்படி ஒரு தடவை வந்திருந்தால், நான் ஏறியிருப்பேன்.