பேதுரு நாற்காலியும் கெங்கம்மாவின் அடுப்பும்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
2-4-1968, செவ்வாய்

அன்பு மைத்துனன் சிலுவைமுத்துவுக்கு, உன் அக்காள் புருஷன் இக்னேஷியஸ் தலை குனிந்து எழுதிக்கொள்வது.

நீயும் ஃப்ளோரன்ஸும் பிள்ளைகளும் மாதாவின் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு உன் அக்காள் பிலோமி சுகம். நானும் சுகம் என்றுதான் டாக்டர் சொல்வார். ஆனால் சனிக்கிழமை மதியத்திலிருந்து எனக்குச் சோறு இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன் அக்காள் என்னோடு பேசுவதுமில்லை. ஜன்னலைப் பார்த்துத்தான் பேசுகிறாள். "சோறு போட்டாச்சு" என்று ஜன்னலிடம் சொல்கிறாள், நான் எழுந்து போய்ச் சாப்பிடுகிறேன். உன்னிடம் நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். தண்டையார்பேட்டை என்ன சீமையா, ஒரு பஸ் தூரம். ஆனால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் கடுதாசி.

போன மாதம் உன் கார்ப்பரேஷன் ஆபீஸுக்கு வந்து உன் மேஜையில் ஒரு மனு வைத்தேனே, நாலு பக்கம், நினைவிருக்கும். எங்கள் காம்பவுண்டில் ஆறு வீட்டுக்கும் பொதுவான பின்கட்டில், ஆறாம் வீட்டுக் கெங்கம்மா திறந்த வெளியில் அடுப்பு வைத்து இட்லி சுடுகிறாள், ஹார்பரிலிருந்து வரும் உடைந்த பெட்டிப் பலகையை எரிக்கிறாள், புகை மொத்தமும் என் வெள்ளைச் சட்டைக்கே வருகிறது, அவளுடைய சேவல் நேரங்கெட்ட நேரத்தில் கூவுகிறது என்று எழுதியிருந்தேன். "சேவலுக்கு எங்க இலாகா இல்ல அத்தான்" என்று அந்த ஒரு வரியை மட்டும் நீ அடித்துவிட்டு, மீதியை என் தொல்லை தாங்காமல் 'அவசரம்' என்று போட்டு மேலே அனுப்பினாய். அந்த ஒரு வரிக்குப் பதிலாக மீதியை அடித்திருக்கக் கூடாதா? உன்னைக் குறை சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் இறங்குகிற சரக்கை எண்ணும் டாலி கிளார்க்காக நின்று, பஞ்சுப் பொதி இறங்கும் ஷெட்டில் எவன் பீடி எடுத்தாலும் கையைத் தட்டிவிட்ட ஆள் நான். ரிட்டையர் ஆனபின் தட்டிவிட ஒரு கை கிடைக்கவில்லை. அப்போது பார்த்து உங்கள் ஆபீஸ்காரர்கள் எங்கள் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். குடியிருப்பின் திறந்த வெளியில் குப்பை கூளம் எரிக்கக் கூடாது. அனுமதி இல்லாமல் அடுப்பு மூட்டக் கூடாது. அனுமதி பெற்ற நெருப்பின் அருகில் இரண்டு வாளிகள் இருக்க வேண்டும். மூன்றையும் மனப்பாடம் பண்ணினேன். கெங்கம்மாவிடம் போய் ஒப்பித்தும் காட்டினேன். "படிச்சவரு சொல்ற, கேட்டுக்கறேன் சாரே. ஆனா வூட்டுக்காரரு ஹார்பர்ல மூட்ட தூக்கி இடுப்பு போயி மூணு வருசமா படுத்துகினு கீறாரு. அடுப்ப அணைச்சா நாங்க இன்னாத்த துன்றது?" என்றாள். அதற்கு நோட்டீஸில் பதில் இல்லை. அதனால் நேரே போய் மனு எழுத உட்கார்ந்தேன். இப்போது நினைத்தால் நெஞ்சு அறுக்கிறது.

சனிக்கிழமை நடந்ததைக் கேள். வருகிற ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. புது ஓலை வருமுன் பழையதை எடுத்துவிட வேண்டும் அல்லவா? சாம்பல் புதனுக்கு எரித்துச் சாம்பலாக்கக் கோயிலில் கேட்டபோதே கொடுத்திருக்கணும், திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்ததை நான் மறந்தே போனேன். மந்திரித்த ஓலையைத் தெருவில் போடக் கூடாது, எரித்துச் சாம்பலை மண்ணில் புதைக்க வேண்டும், உனக்குத் தெரியாததா? நான் பின்கட்டுக்கு ஓலையும் தீப்பெட்டியுமாகப் போய், நோட்டீஸுக்கு முன்னால் நின்று நன்றாக யோசித்தேன். மந்திரித்த ஓலையைக் குப்பை என்று சொன்னால் பாவம். குப்பை இல்லை என்றால் முதல் விதி எனக்குப் பொருந்தாது. அது அடுப்பும் இல்லை, ஆகையால் இரண்டாவது விதியும் பொருந்தாது. இருந்தாலும் சட்டத்துக்கு மரியாதை கொடுக்கிற ஆள் என்பதால் மூன்றாவது விதிப்படி இரண்டு வாளி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. நோட்டீஸில் வாளி என்றுதான் இருந்தது, தண்ணீர் என்று இல்லை. வெறும் வாளிகளை வைத்துவிட்டு, சிலுவை போட்டு, குச்சியைக் கிழித்தேன்.

கடற்காற்று எந்த நேரத்தில் திரும்பும் என்று முப்பத்தொரு வருஷம் ஹார்பரில் நின்றவனுக்குத் தெரிய வேண்டாமா? தெரியவில்லையே! காய்ந்த ஓலை குபீரென்று பற்றி, ஒரு கீற்று அப்படியே எழும்பிப் போய்க் குளிக்கிற மறைவின் தென்னந்தட்டியில் உட்கார்ந்தது. உள்ளே யார் என்கிறாய்? பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ரிட்டையர் ஆன நம்ம காம்பவுண்டு வால்டர். தலை முதல் கால் வரை சோப்பு, சொம்பில் தண்ணீர் காலி, குழாய் வரும் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். "வால்டர், தீ!" என்று கத்துகிறேன். "தேங்க்யூ மேன், பட் ஃபர்ஸ்ட் வாட்டர்" என்கிறார், நான் டீ தருகிறேனோ என்னவோ என்று நினைத்த மாதிரி அவ்வளவு நிதானம். அப்புறம் முதுகில் சூடு தெரிந்ததும் துண்டோடு பாய்ந்து வந்தார் பாரு, அந்த வயதில் அந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நான் என்ன செய்தேன்? வெறும் வாளி இரண்டையும் மாற்றி மாற்றி வீசினேன். கவிழ்த்தும் பார்த்தேன். தட்டி எரிகிறது, அதற்கு மேலே என் சமையலறைக் கீற்றுக் கூரை ஒரு முழம்தான், உள்ளே உன் அக்காள் கருவாடு வறுத்துக்கொண்டிருக்கிறாள்.

"அய்ய, தள்ளு சாரே!" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கெங்கம்மா, இடுப்பில் ஒரு அண்டா. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வருகிற கூட்டத்துக்காக விடியலிலிருந்து ஆட்டி வைத்த இட்லி மாவு, மச்சான்! அப்படியே தூக்கித் தட்டி மேல் ஊற்றினாள். ஓடிப்போய் இரண்டாவது அண்டாவையும் கொண்டுவந்து ஊற்றினாள். சடசடவென்று தீ அணைந்தது. தட்டி பூராவும் வெந்து, பின்கட்டு முழுக்கத் தோசை வாசனை. வால்டர் சோப்புக்கு மேல் மாவோடு நின்றார். கெங்கம்மா காலி அண்டாவைப் பார்த்தாள், அப்புறம் என் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "அக்கா, ஒனக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று உன் அக்காளைத்தான் முதலில் கேட்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடுதாசியே எழுதியிருக்க மாட்டேன். தட்டியில் புகை அடங்குவதற்குள், கையில் என் மனுவோடு உங்கள் இன்ஸ்பெக்டர் நீலமேகம் வந்து நிற்கிறார். அவசரம் என்று போட்டோமே, அவசரமாகவே வந்துவிட்டார். கருகிய தட்டியைப் பார்த்தார், பக்கத்தில் அடுப்பைப் பார்த்தார். "நீங்கதானே மனுதாரர்? அடுப்புப் பொறிதானே சார் இது?" என்றார். என் விரலில் கரி. என் சட்டைப் பையில் தீப்பெட்டி. "நான் உள்ளே ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன், பாக்கலை" என்றேன். பாவி நான், என் வாயால் சொன்னேன்! அவர் கெங்கம்மாவைக் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள், சட்டைப் பையையும் பார்த்தாள். "சாரு சொன்னா சர்தான்" என்றாள். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் அடுப்பை இடித்துவிட வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பூசை முடிந்து பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்தார். என்ன சேதி தெரியுமா? பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரை அப்போஸ்தலர்களாக உட்கார வைத்துப் பாதம் கழுவுவாரே, அதில் முதல் நாற்காலி, பேதுரு நாற்காலி, இந்த வருஷம் எனக்காம். ஏழு வருஷமாக ததேயு, யாக்கோபு என்று ஓரத்திலேயே உட்கார்ந்து வந்தவன், ஒரு வருஷம் ஆள் கிடைக்காமல் யூதாஸாகவும் உட்கார்ந்தவன், எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். போகும்போது கருகிய தட்டியைப் பார்த்து, "என்ன இக்னேஷியஸ், தீயா?" என்று கேட்டார். "அடுப்புப் பொறி, சாமி" என்றேன். உன் அக்காள் அந்த நிமிஷம்தான் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

நேற்றும் இன்றும் யோசித்துப் பார்த்தேன். பேதுருவும் முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டேதான், சேவல் கூவுமுன் மூன்று தடவை, ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்தார். ஆனால் அந்த நெருப்பை அவர் மூட்டவில்லை. நான் மூட்டியும் விட்டு, இரண்டு தடவை மறுதலித்தும் விட்டேன். கெங்கம்மா அடுப்பு மூன்று நாளாக எரியவில்லை. புகை இல்லை, என் சட்டை வெள்ளை வெளேரென்று கொடியில் ஆடுகிறது, எனக்கு அதைப் போட்டுக்கொள்ளக் கூசுகிறது. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் பின்கட்டை எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, இன்னிக்கும் இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். "சாமி குடுத்த லீவு" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

ஆகையால் மச்சான், உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் அந்த ஃபைலை எடு. என் மனுவை வாபஸ் வாங்கு. தீ வைத்தது கெங்கம்மாவின் அடுப்பு இல்லை, மனுதாரர்தான் என்று இந்தக் கடுதாசியையே வாக்குமூலமாக வைத்து மேலே அனுப்பு. அவளுக்கு அனுமதிச் சீட்டுக்கு என்ன எழுத வேண்டுமோ சொல், நானே எழுதிக் கொடுக்கிறேன். வாளி இரண்டும் நானே நிரப்பி வைக்கிறேன்.

ஃப்ளோரன்ஸுக்கு என் ஆசீரைச் சொல்லி, பிள்ளைகள் நெற்றியில் என் சார்பாக ஆளுக்கு ஒரு சிலுவை அடையாளமும் போடவும். தபசு காலத்தில் எனக்காகச் செபமாலையில் ஒரு மணி உருட்டினால்கூடப் போதும்.

இப்படிக்கு,
வெட்கத்தோடு,
உன் அத்தான் இக்னேஷியஸ்

பி.கு.: எல்லாம் எழுதி மடித்தபின் ஒன்று தோன்றியது. வாக்குமூலத்தில் என் பெயர் அவசியமா? 'காம்பவுண்டில் யாரோ ஒருவர்' என்று போட்டாலே அடுப்புத் தப்பிவிடும் அல்லவா? பெரிய வியாழனுக்கு இன்னும் ஒன்பதே நாள். சாமியார் காதுக்குப் போனால் நாற்காலி வால்டருக்குப் போய்விடும். நீயாகவே இதை வேறு தாளில் நகல் எடுத்து, பெயர் இல்லாமல் வைத்துவிடு. இந்தத் தாளைக் கிழித்துப் போடு. தயவுசெய்து எரிக்காதே.

பி.கு. 2: மேலே உள்ளதை எழுதி மை காயவில்லை. மணி பிற்பகல் மூன்றரை. கெங்கம்மாவின் சேவல் வெந்துபோன தட்டி மேல் ஏறி நின்று, என் ஜன்னலுக்கு நேராகக் கூவியது. உன் அக்காள் இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "கேட்டுச்சா?" என்றாள். கேட்டது, மச்சான். பெயரை எழுதிக்கொள்: ச. இக்னேஷியஸ், துறைமுக டாலி கிளார்க், ஓய்வு, வீட்டு எண் நான்கு. தீப்பெட்டியும் என்னுடையதுதான்.