தலைக்கு ஏறக்கூடாத மருந்து

பண்ணையார் ஏகாம்பரம் வரப்பில் வந்து நின்றார். பண்ணையாள் எல்லப்பன் குனியவில்லை. தோளில் கிடந்த துண்டு மட்டும் இடுப்புக்கு இறங்கியது. அவன் இத்தனை உயரம் என்பது அன்றைக்குத்தான் காவாந்தண்டலம் ஊருக்கே தெரிந்தது.

அவன் மனைவி சிட்டம்மாள் பதறி முன்னால் வந்தாள். குடிசை இருப்பதே பண்ணையார் மனையில்தான்.

"இன்னாடி, பட்டணம் போயி வந்ததும் உன் புருசன் முறைச்சிக்கினு நிக்கிறான்?"

"முறைப்பு இல்ல ஆண்டே. இடுப்பு வலின்னு போனதுக்கு, முதுகெலும்புல மருந்து வுட்டு படம் புடிச்சாங்களாம். தலை குனிஞ்சா அது மூளைக்கு ஏறி, அங்க ஓடுற கரண்டு கெட்டுப் பூடுமாம். தலை பூரா ஒயரு ஒட்டி, மருந்து வுடறதுக்கு முன்னாலயும் பாத்தாங்களாம், பின்னாலயும் பாத்தாங்களாம்."

"கெட்டா இன்னா ஆவும்?"

வலிப்பு வரலாம் என்று டாக்டர் சொன்னதாகத்தான் எல்லப்பன் சொல்லியிருந்தான். அது போதாதென்று சிட்டம்மாள் கைச்சரக்கைச் சேர்த்தாள்.

"எதுர்ல கீறவங்கள கடிச்சிடுவாராம்."

பண்ணையார் சற்றுப் பின்வாங்கினார். அவளுக்கு உயிர் வந்தது.

மறுநாள் நடவு. குனியாமல் நாற்று நட முடியுமா?

"நின்னுக்கினே செய்யற வேலையா குடுங்க ஆண்டே" என்று கெஞ்சினாள்.

குடை பிடித்து நின்று மற்றவர்களை ஏவுவதுதான் பண்ணையில் அப்படிப்பட்ட ஒரே வேலை. அதைப் பண்ணையாரே பார்த்துவந்தார். வேறு வழியில்லாமல் குடையைக் கொடுத்தார்.

கொடுத்த பிறகு, அவனை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"உக்காந்தாவது தொலைடா."

சிட்டம்மாள் ஓடிப்போய்ப் பண்ணை வீட்டு முக்காலியைத் தூக்கி வந்தாள். இப்போது எல்லப்பன் குடை நிழலில் உட்கார்ந்திருந்தான். பண்ணையார் வெயிலில் நின்றார். சிட்டம்மாளுக்குப் பயத்தில் அழுகையே வந்துவிட்டது.

சேற்றில் நட்டுக்கொண்டிருந்த கோபால் மெல்ல நிமிர்ந்தான்.

"எனுக்கும் இடுப்பு புடிச்சிக்கினு கீது ஆண்டே. நானும் போயி அந்த மருந்து வுட்டுக்கினு வரேன்."

அவனுக்குப் பின்னால் வரிசையே நிமிர்ந்தது. பண்ணையார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"யாரும் பட்டணம் போவ வேணாம்பா. இனிமே மத்தியானம் கரையேறி, வெயில் தாழ்ந்து எறங்குங்க."

ஞாயிற்றுக்கிழமை ஐசக் ஊருக்கு வந்தான். பட்டணத்து ஆஸ்பத்திரியில் வார்டுபாய். எல்லப்பனைச் சேர்த்துவிட்டு, கூடவே இருந்தவன் அவன்தான். சிட்டம்மாள் கவலையோடு கேட்டாள்:

"ஏம்பா ஐசக்கு, உங்க மாமா எப்பத்தான் தலை குனியலாம்?"

ஐசக் விழித்தான்.

"படம் புடிச்சி முடிச்சதுமே அந்த மருந்த ஊசி வச்சி உறிஞ்சி எடுத்துட்டாங்களே அக்கா. மாமாதான் அத பாட்டிலோட கேட்டு வாங்கிப் பாத்துட்டு, சிரிச்சிக்கினே பஸ் ஏறினாரு."