உண்மை ஆண்டின் தலைவர்

தென்துருவத்துக்கு இந்தப் பக்கம் உண்மையைக் கட்டிக் காக்கும் பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று யாராவது கேட்டால், சிட்னி வெஸ்ட்மீட்டில் வசிக்கும் திருவாளர் வரதராஜாவிடம் என்று தயங்காமல் சொல்லலாம். அவர் தலைமை வகிக்கும் தமிழர் ஒன்றியம் இந்த வருடத்தை ‘உண்மை ஆண்டு’ என்று ஏகமனதாகப் பிரகடனம் செய்திருந்தது. கூட்டத்துக்கு வராதவர்களும் கை உயர்த்தியதாகவே அறிக்கையில் பதிவாகியிருக்கிறது.

ஆண்டு நிறைவுக்கு ஒரு விழா வேண்டுமல்லவா? இரண்டு பண்பாடுகள் கைகோர்க்கும் நிகழ்ச்சி என்றால் மண்டபம் இலவசம் என்று நகரசபை சொன்னது. இலவசம் என்றதும் ஒன்றியத்துக்கு ஆங்கில இலக்கியத்தின் மேல் திடீரென்று தீராத காதல் பிறந்தது.

“தலைவர், உங்கட வினுஷா இங்கிலீஷ் புத்தகமெல்லாம் வாசிக்கிறவ எல்லே? அவவைப் பேச விடுவம்,” என்றார் செயலாளர் சந்திரவதனா. “மெடிசினும் படிச்சுக்கொண்டு பிள்ளைக்கு எப்பிடித்தான் நேரம் கிடைக்குதோ.”

வரதராஜா தேநீரை மடக்கென்று விழுங்கினார். மகள் மருத்துவத்தைப் போன வருடமே கைவிட்டுவிட்டாள். இப்போது அவள் படிப்பது மத்தியகால ஆங்கில இலக்கியம். அதை அவர் மறைத்தார் என்று சொல்வது அபாண்டம். கேட்டவர்களிடம் “யூனியில படிக்கிறா, கஷ்டமான படிப்பு” என்றார். அதில் ஒரு சொல்லாவது பொய்யா?

அன்று மாலை குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மகளிடம் விஷயத்தைச் சொன்னார்.

“பேசுறன் அப்பா. ஒரு கண்டிஷன். நான் என்ன படிக்கிறன் எண்டு மேடையில நீங்களே சொல்லவேணும்.”

“அதுக்கென்ன, சொல்லுறன்.”

“ப்ராமிஸ்?”

“உண்மை ஆண்டில வேற என்னத்தைச் சொல்லுறது?”

வினுஷா சிரித்தாள். படிப்பை மாற்றிய நாளிலிருந்து அவள் அவரைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. அவருக்கு மனசு இளகிவிட்டது. சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் விழாவுக்குப் போனார்.

வாசலில், கெல்லிவில் பகுதியில் வசிக்கும் வெங்கட்ராமன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க பொண்ணு தாரிணிக்கு மெடிசின் கிடைச்சிடுச்சு சார். உங்க பொண்ணுகிட்டதான் டிப்ஸ் கேக்கணும்.” சொல்லிவிட்டு முன்வரிசையிலேயே போய் உட்கார்ந்தார்.

வரதராஜா மைக்கைப் பிடித்தார். “அடுத்ததாப் பேச வாறவ என்ர மகள் வினுஷா.” வெங்கட்ராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நாளைய டொக்டர். பழைய இங்கிலீஷ் இலக்கியம் அவவுக்குச் சும்மா ஒரு பொழுதுபோக்கு.”

வினுஷா மைக்கை வாங்கிக்கொண்டு பேசத் தொடங்கினாள். மத்தியகால இங்கிலாந்தில் பேராசை பாவம் என்று பிரசங்கம் செய்துகொண்டே பாவமன்னிப்பைக் காசுக்கு விற்றவர்களைப் பற்றிச் சொன்னாள். நோன்பின் மகிமையைப் பேசி முடித்த கையோடு பொரித்த வாத்து தின்னப் போன துறவிகளைப் பற்றிச் சொன்னாள். சபை விழுந்து விழுந்து சிரித்தது. ஒவ்வொரு வரிசையும் அடுத்த வரிசையைப் பார்த்துச் சிரித்தது. “மற்றச் சங்கத்தைத்தான் சொல்லுறா,” என்று சந்திரவதனா தலைவரின் காதில் தெளிவுபடுத்தினார்.

“அந்தக் காலத்து எழுத்தாளர்கள் இவையளை ஏசேல்லை,” என்றாள் வினுஷா. “புகழ்ந்தவை. எவ்வளவு நல்ல மனுசன் எண்டு எழுதினவை. புகழப் புகழ ஆள் வெளிச்சத்துக்கு வந்திடுவார். அதுதான் அவையின்ர வித்தை. கடைசியா, என்ர அப்பாவைப் பற்றியும் ரெண்டு வார்த்தை. அவர் ஒருநாளும் பொய் சொல்லமாட்டார். மகளுக்குக் குடுத்த வாக்கை மீறமாட்டார். நான் என்ன படிச்சாலும் அதை நாலு பேருக்குப் பெருமையாச் சொல்லுவார்.”

மண்டபமே எழுந்து கைதட்டியது. வெங்கட்ராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை பேரிலும் பாடம் விளங்கியது தலைவர் ஒருவருக்குத்தான். தட்டத் தூக்கிய கை அப்படியே நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் தன்னைப் பார்க்காமலே மேடையை விட்டு இறங்கியது அதைவிட வலித்தது. அந்த நேரம் பார்த்து சந்திரவதனா ஓடிவந்து பொன்னாடை போர்த்தி, அவருக்கு ‘உண்மைச் செம்மல்’ பட்டம் வழங்கினார்.

சிற்றுண்டி மேசையருகே வெங்கட்ராமன் வினுஷாவைப் பிடித்துக்கொண்டார். “டாக்டரம்மா, படி ஏறினா முழங்கால்ல சுருக்குன்னு குத்துது. என்ன மாத்திரை போடலாம்?”

வினுஷா பொன்னாடைக்குள் வேர்த்துக்கொண்டு நின்ற தகப்பனைக் கைகாட்டினாள்.

“அவரிட்டக் கேளுங்கோ அங்கிள். அந்த டொக்டரை அவருக்கு மட்டும்தான் தெரியும்.”