பெட்ரோல் குடிக்க மறுத்த பேய்

பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட மறு ஆண்டில், தமிழர்களின் பிக்கப் வண்டிகளுக்குப் பேய் பிடிக்கத் தொடங்கிற்று. மனிதருக்குப் பேய் பிடிப்பது பழமை. வண்டிக்குப் பிடிப்பது வளர்ச்சி. நாடு முன்னேறுங்கால் பேய் மட்டும் பின்தங்கி நிற்பது முறையாகுமோ?

இப்பேயைக் கண்டறிந்து உலகுக்கு உணர்த்தியவர் ஸ்ரீலஸ்ரீ சக்கரானந்த அடிகள் ஆவார். துறவு பூணுமுன் அவர் பாலத்தின் மறுகரையான பிறை நகரில் காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், முகவராய் இருந்தவர். அச்சத்தை விலைக்கு விற்கும் கலை அவருக்குப் புதிதன்று. பாலத்தின் கீழே கடல் இருக்கிறது. கடலில் பேய் இருக்கிறது. கடலும் நீர்மம், பெட்ரோலும் நீர்மம். ஆதலால் பாலத்தைக் கடக்கும் வண்டியின் தொட்டிக்குள் கடற்பேய் தாவி ஏறுகிறது. இதுவே அவர் அருளிய தத்துவம். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். ‘நீர்மம்’ என்ற சொல்லுக்கே பாதிப் பேர் பணிந்துவிட்டனர்.

ஞாயிறுதோறும், டத்தோ கிராமட் சாலையில் அப்புத்துரை என்பவருக்குரிய பெட்ரோல் நிலையத்தின் பின்புறத்து வெற்றிடத்தில் அடிகள் எழுந்தருளினார். கடைத்தெருவின் மசாலாக் கடைக்காரர், கெப்பாலா பத்தாஸ் ஊரின் காய்கறி வியாபாரி, பிறையின் ஒப்பந்தக்காரர் என வண்டி வைத்திருந்தோர் யாவரும் வந்தனர். காலை ஆறு மணிக்கே வரிசை சாலையை எட்டியது. வரிசையில் நின்றவர்களுக்குத் தே தாரிக் என்னும் நுரைத் தேநீர் விற்றவன் ஒரே மாதத்தில் புதுக் கைக்கடிகாரம் வாங்கினான். அடிகளின் அருள் ஐயத்துக்கு இடமின்றிக் கிட்டியது அவன் ஒருவனுக்கே.

நடைமுறை எளிது. முதலில் முப்பத்தொரு மலேசிய வெள்ளிக்குக் காப்புத் தாயத்து. அடிகளின் சீடன் சற்குணம் செம்புக் கம்பியோடு வண்டியின் அடியில் மல்லாந்து நுழைந்து அதனைக் கட்டுவான். நாற்பத்தெட்டு நாள் உரிமையாளர் குனிந்து பார்த்தல் ஆகாது. கண் பட்டால் பலன் கெடும். அடுத்த முறை பெட்ரோல் ஊற்றச் சென்றால் வண்டி குடிக்க மறுக்கும். பம்பைச் சொருகி அழுத்தினால் ‘டக்’கென்று நிற்கும். மீண்டும் அழுத்தினால் வாய் வழியே கக்கும்.

“கண்டாயா? தாயத்துக்கு அஞ்சிப் பேய் உள்ளே துடிக்கிறது!” என்பார் அடிகள்.

அதன்பின் நூற்றொரு வெள்ளிக்குப் பெரும்பூசை. உடுக்கை முழங்கும். சற்குணம் மறுபடியும் அடியில் நுழைந்து, கரிய நீர் நிறைந்த ஒரு புட்டியோடு வெளிவருவான். புட்டிக்குள் பேய். அக்கணமே தொட்டி மடமடவென்று நிறையும். கூட்டம் அரோகரா என்னும்.

இவ்வளவு அற்புதங்களுக்கும் நடுவே நாள்தோறும் பெட்ரோலில் குளித்தவள் ஒருத்தி உண்டு. அவள் பெயர் குணவதி. நான்காண்டுகளாய் அந்நிலையத்தில் பம்பு பிடிப்பவள், கணவனை இழந்தவள், இரண்டு பிள்ளைகளுக்கு அவள் சம்பளமே சோறு. பேய் கக்கியதெல்லாம் அவள் சட்டையின் மீதுதான்.

ஒரு ஞாயிறு அவள் அடிகளிடமே சென்று கேட்டுவிட்டாள்.

“சாமி, ஒரு சந்தேகம். சீனரு ஆ செங் பிக்கப்பும் இதே பாலத்துலதான் தினம் வருது. மலாய்க்காரரு யூசோப் வண்டியும் வருது. அதெல்லாம் மடமடன்னு குடிக்குது. பேய் நம்ம ஆளுங்க வண்டியில மட்டும் ஏன் ஏறுது?”

அடிகள் கண்களை மூடித் திறந்தார். “அம்மா, இனத்துக்கு இனம் பேய் வேறு.”

“அப்போ பேய் ஐசி பார்த்துட்டுத்தான் ஏறுதா சாமி?”

பாலத்தின் நடுவே நின்று அடையாள அட்டை சோதிக்கும் பேயை அவ்வரிசையில் எவரும் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. இருவர் சிரித்துவிட்டனர்.

சிரிப்பு அடிகளின் தொழிலுக்கு ஆகாத பொருள். மறுவாரமே அவருக்கு ஞானக்கண் திறந்தது.

“பேய் இங்கே திரும்பத் திரும்ப வருவதன் காரணம் தெரிந்துவிட்டது,” என்று உரத்த குரலில் அருளினார். “விளக்கணைந்த வீட்டுக் கை பம்பைப் பிடிக்கிறது. அந்தக் கை இருக்கும்வரை எந்தத் தொட்டியும் கக்கத்தான் செய்யும்.”

கூட்டம் குணவதியின் கையைப் பார்த்தது. நேற்றுவரை அக்கையிலிருந்து மீதிச் சில்லறை வாங்கியவர்கள், அன்று முதல் நோட்டைப் பம்பின் தலைமேல் வைத்துவிட்டு விலகி நின்றனர்.

அப்புத்துரை அவளை அலுவலறைக்கு அழைத்தார். யாழ்ப்பாண வழியினர், அரசாங்க எழுத்தராய் இருந்து ஓய்வு பெற்றவர், படித்தவர்.

“நான் உந்தப் பேய்க் கதையெல்லாம் நம்புறேல்லை பிள்ளை,” என்றார் அவர், மேசையைப் பார்த்துக்கொண்டு. “ஆனா வாற சனம் நம்புது. யாவாரம் எண்டு ஒண்டு இருக்குதல்லோ? வாற ஞாயிறோட வேலையை விட்டிடும்.”

“மொதலாளி, நாலு வருசமா இந்தக் கைதானே பிடிக்குது. அப்போல்லாம் எந்த வண்டி கக்குச்சு?”

அவர் கணக்கேட்டைப் புரட்டினார். நம்புகிறவர்களைக் காட்டிலும், நம்பாமலே அஞ்சுகிறவர்கள்தாம் அடிகளுக்கு அதிகம் பயன்பட்டனர்.

குறித்த ஞாயிறும் வந்தது. அன்றைய முதற் பூசை பிச்சைமுத்துவின் வண்டிக்கு. அவர் கெப்பாலா பத்தாசிலிருந்து கடைத்தெருவின் சாப்பாட்டுக் கடைகளுக்கு வாழையிலை ஏற்றி வருபவர். தாயத்துக் கட்டிய நாள் முதல், ஐந்து வெள்ளிக்குப் பெட்ரோல் ஊற்ற அவருக்கு அரைமணி ஆயிற்று. ஊற்றி முடிப்பதற்குள் இலை வாடிற்று. இலை வாடியதால் கடைக்காரர்களின் முகமும் வாடிற்று.

அடிகள் உடுக்கையை எடுக்கையில் குணவதி முன்னே வந்து நின்றாள்.

“மொதலாளி, நான் போறேன். போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. சாமி பூசையை முழுசாச் செய்யட்டும். இன்னைக்குப் பம்பை நீங்க பிடிங்க. நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிக்கிறேன். ஆனா, பூசை முடியிற வரைக்கும் சற்குணம் அண்ணன் வண்டிக்கு அடியில போகக் கூடாது. இந்த நாற்காலியில உட்கார்ந்து தே தாரிக் குடிக்கட்டும். காசு நான் கொடுக்கிறேன்.”

திருநீற்றையும் மீறி அடிகளின் முகம் வெளுத்தது. “சீடனின்றி வேள்வி நிறைவேறாது!”

“பேய் ஓட்டுற மந்திரம் சாமிகிட்ட இருக்கா, சற்குணம் அண்ணன்கிட்ட இருக்கா?”

“அதானே லா!” என்றார் பிச்சைமுத்து. “நூத்தியொண்ணு நான் யாருக்குக் கொடுக்கிறேன்?”

கூட்டம் முணுமுணுத்தது. அடிகளுக்கு வேறு வழியில்லை. சற்குணம் நாற்காலியில் அமர்த்தப்பட்டான். கையில் தேநீர்க் குவளை கொடுக்கப்பட்டது. உடுக்கை முழங்கிற்று. தேங்காய் உடைந்தது. அறியப்பட்ட மந்திரங்களும் அறியப்படாத மந்திரங்களும் தீர்ந்தபின், அப்புத்துரை பம்பைச் சொருகி அழுத்தினார்.

டக்.

மீண்டும் அழுத்தினார். தொட்டி கக்கிற்று. அவருடைய வெள்ளைச் சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை நனைந்தது.

“அவள் நிழல் இன்னும் இங்கே விழுகிறது!” என்று அலறினார் அடிகள்.

சாலையின் மறுபுறத்திலிருந்து குணவதி கேட்டாள்: “கொம்தார் கோபுரத்து உச்சிக்குப் போய் நிக்கட்டுமா சாமி?”

இம்முறை சிரித்தவர் இருவரல்லர். அவள் சாலையைக் கடந்து வந்து, அலுவலறையிலிருந்து ஒரு பிளையரை எடுத்துக்கொண்டாள்.

“பிச்சைமுத்து அண்ணே, நீங்களே குனிஞ்சு பாருங்க.”

“ஐயோ, வேணாம்மா! நாப்பத்தெட்டு நாள் ஆகலையே. இன்னைக்குத்தான் பதினாலு.”

“மிச்ச முப்பத்துநாலு நாளும் வாழையிலையைத் தலையில சுமந்துக்கிட்டுப் பாலத்துல நடப்பீங்களா?”

அவர் குனியவில்லை. கூட்டத்தில் ஒருவரும் குனியவில்லை. குணவதியே தரையில் ஓர் அட்டையை விரித்து வண்டியின் அடியில் நுழைந்தாள். சிறிது நேரம் அவள் செருப்பு மட்டும் தெரிந்தது. பின்பு குரல் வந்தது.

“பெட்ரோல் ஊத்துற வாயிலிருந்து தொட்டிக்குப் பெரிய ரப்பர் குழாய் ஒண்ணு போகுது. பக்கத்துலயே சின்னக் குழாய் ஒண்ணு. தாயத்துக் கம்பி அந்தச் சின்னக் குழாயை மூணு சுத்துச் சுத்தி, கழுத்தை நெரிச்ச மாதிரி இறுக்கியிருக்கு. இருங்க, வெட்டிட்டேன்.”

“அதனால என்ன?” என்றார் மசாலாக் கடைக்காரர்.

“அண்ணே, உங்க கடையில புனல் வச்சு நல்லெண்ணெய் ஊத்துறீங்களே, புனல் புட்டி வாயில இறுக்கமா உட்கார்ந்துட்டா எண்ணெய் இறங்குமா?”

“இறங்காது. லேசாத் தூக்கிவிடணும்.”

“ஏன் தூக்குறீங்க? உள்ள இருக்கிற காத்து வெளியே வரத்தானே? இந்தச் சின்னக் குழாய்தான் தொட்டிக் காத்து வெளியே வர்ற வழி. மொதலாளி, இப்போ அழுத்துங்க.”

அப்புத்துரை அழுத்தினார். பெட்ரோல் ஓடிற்று. நிற்கவில்லை, கக்கவில்லை.

“இப்போ பேய் வருது!” என்றாள் அடியிலிருந்து, சின்னக் குழாயை விரல்களால் நசுக்கி. டக். “இப்போ பேய் போகுது!” விரலை எடுத்தாள். ஓடிற்று. “வருது!” டக். “போகுது!” ஓடிற்று. நான்காம் முறை கூட்டமே அவளோடு சேர்ந்து ‘வருது, போகுது’ என்று பாடியது. நூற்றொரு வெள்ளிக்கு ஒரே தடவை போன பேய், இலவசமாய் நான்கு தடவை வந்து போயிற்று.

குணவதி எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, அப்புத்துரையின் கையிலிருந்து பம்பை வாங்கினாள். விளக்கணைந்த வீட்டுக் கை அழுத்திற்று. தொட்டி குடித்தது. பம்பின் எண்கள் விரைந்து சுழன்றன.

“போதும்மா, போதும்!” என்று கத்தினார் பிச்சைமுத்து. “என்கிட்ட இருபது வெள்ளிதான் இருக்கு!”

அனைவரும் சற்குணத்தை நோக்கினர். அவன் தேநீரைக் கீழே வைத்தான்.

“நான் பிறையில ஒர்க்‌ஷாப்புல இருந்தவன் அண்ணே,” என்றான். “எந்தக் குழாய்னு எனக்குத் தெரியும். எப்போ கட்டணும், எப்போ அவுக்கணும்னு சாமி சொல்வாரு. புட்டியில இருக்கிறது பழைய என்ஜின் எண்ணெய்.”

அப்போதுதான் யாருக்கோ தோன்றியது, நிலையத்தின் ஓரத்தில் நின்ற அடிகளின் காரின் அடியில் குனிந்து பார்க்க. தினமும் பாலத்தைக் கடக்கும் அக்காரின் அடி பளிச்சென்று இருந்தது. தாயத்து என்று ஒரு நூல்கூட இல்லை. குனிந்தவர்கள் நிமிர்ந்தபோது அடிகளைக் காணவில்லை. அவர் ஒரு ரிக்‌ஷாவில் ஏறி முக்தி தேடிக்கொண்டிருந்தார். சாலை முனைச் சிவப்பு விளக்கில் ரிக்‌ஷா நின்றது. கூட்டம் ஓடவில்லை, நடந்தே சென்று அவரை இறக்கியது. அதன்பின் நடந்ததைக் காவல் நிலையத்தில் அவரே விளக்கமாய் எழுதிக் கொடுத்தார்.

நனைந்த சட்டையோடு அப்புத்துரை குணவதியின் அருகே வந்தார். மன்னிப்பு என்ற சொல் அவருக்கு எளிதில் வாராது.

“நாளைக்கு வழமைபோல வாரும் பிள்ளை,” என்றார்.

“வர்றேன் மொதலாளி. முதல்ல வீட்டுக்குப் போய்க் குளிங்க. யாராவது சுருட்டுப் பத்தவச்சுடப் போறான்.”

திங்கட்கிழமை காலை. குணவதியின் பம்பின் முன் பதினொரு வண்டிகள் வரிசையில் நின்றன. மற்றொரு பம்பு ஆளின்றிக் கிடந்தது. வரிசையின் தலைமகனாய் நின்ற மசாலாக் கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு அருகே வந்து, ஓர் எலுமிச்சம்பழத்தை இரு கைகளாலும் நீட்டினார்.

“தங்கச்சி, ஒங்க கை சாதாரணக் கை இல்ல. பேயையே ஓட்டின ராசியான கை. முதல் சொட்டு அந்தக் கையாலதான் விழணும். இதைக் கொஞ்சம் தொட்டுக் கொடுங்க.”

அவருக்குப் பின்னே பத்துப் பேர், பத்து எலுமிச்சம்பழங்கள். ஒருவர் கற்பூரமும் கொணர்ந்திருந்தார், பெட்ரோல் நிலையத்துக்கு.

குணவதி பழத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். கூட்டம் கைகூப்பிற்று.

“நல்ல பழம் அண்ணே. சாறு பிழிஞ்சு சர்க்கரை போட்டுக் குடிங்க. இப்போ சொல்லுங்க, எத்தனை வெள்ளிக்கு ஊத்தணும்?”

சென்ற வாரம் தீட்டு. இந்த வாரம் தெய்வம். கை அதே கைதான். அப்பதினொருவரிடமும் தத்தம் கழுத்துக்கு மேலே ஓர் உறுப்பு இருந்தது. ஒருநாளும் ஓட்டப்படாமையால் அது இன்னும் புத்தம் புதிதாகவே இருந்தது. வாசகரே, உம்முடையதையேனும் இன்றே இயக்கிப் பாரும். அதற்குப் பெட்ரோலும் வேண்டா, பூசையும் வேண்டா.